கடலோடு உங்களுக்கு எவ்வளவு நெருக்கம்? அதை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு தாளில் ஏழு படங்கள். ஒவ்வொரு படத்திலும் இரண்டு வட்டங்கள். ஒன்றில் 'நான்' என்று எழுதியிருக்கிறது, இன்னொன்றில் 'கடல்' என்று. முதல் படத்தில் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. அடுத்ததில் ஓரம் மட்டும் லேசாக ஏறியிருக்கிறது. போகப்போக ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஏழாவது படத்தில் ஏறக்குறைய ஒரே வட்டமாகிவிடுகின்றன. கேள்வி ஒன்றுதான்: இந்த ஏழில் உங்களுக்குப் பொருந்துவது எது?

பார்த்தால் வார இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் 'உங்கள் குணம் என்ன?' வகைப் புதிர் போலிருக்கும். ஆனால் உளவியலில் நெடுநாளாகப் புழங்கும் கருவி இது. 1992-ல் ஆர்தர் ஆரோனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை உருவாக்கியபோது இரண்டாவது வட்டத்தில் இருந்தது இன்னொரு மனிதர்: கணவனோ மனைவியோ நண்பரோ. நெருக்கமான உறவில் 'நான்' என்பதன் எல்லைக்குள் அடுத்தவரும் கொஞ்சம் வந்துவிடுகிறார் என்பது அவர்கள் கருத்து. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து வெஸ்லி ஷுல்ட்ஸ் என்ற உளவியலாளர் அந்த மனிதரை எடுத்துவிட்டு அங்கே 'இயற்கை' என்று போட்டார். பின்னால் வந்தவர்கள் இயற்கையையும் எடுத்துவிட்டுக் கடலைப் போட்டார்கள்.

கடல் ஆய்வு என்றதும் கப்பலும் வலையும் நீர்மூழ்கியும் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் வரும் ஆய்வாளர்கள் பெரும்பாலும் நனைவதில்லை. அவர்கள் ஆராய்வது மனிதரை. கடல் தன்னுடையது, தான் கடலைச் சேர்ந்தவர் என்ற எண்ணம் ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வந்தது, அதனால் என்ன ஆகிறது என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். அந்த எண்ணத்தைப் 'பிணைப்பு' என்கிறார்கள்.

எதெல்லாம் பிணைப்பு இல்லை

பிணைப்பை இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: ஒருவர் தன்னைப் பற்றி நினைக்கும்போது அந்த நினைப்புக்குள் கடலுக்கும் இடம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு. இதோடு எளிதில் குழம்பிவிடக்கூடியவை மூன்று உண்டு. கடலைப் பற்றித் தெரிந்திருப்பது, கடலுக்குப் பக்கத்தில் இருப்பது, கடல் பிடித்திருப்பது. மூன்றும் பிணைப்புக்கு உதவலாம். ஆனால் மூன்றில் எதுவும் பிணைப்பு ஆகாது.

அறிவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்தத் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடல் அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் ஒரு குறையைக் கவனித்தார்கள். பூமிப் பரப்பில் 71 சதவீதத்தை மூடியிருக்கும் கடல், பள்ளி அறிவியல் பாடத்திட்டத்தில் பேருக்குத்தான் இருந்தது. கடலைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய 7 அடிப்படைக் கோட்பாடுகளைத் தொகுத்து 2005-ல் வெளியிட்டார்கள். கடல் எழுத்தறிவு என்ற இயக்கம் அங்கிருந்து பரவியது. யுனெஸ்கோவும் அதைக் கையில் எடுத்தது. அந்த ஏழில் ஆறாவது, மனிதரும் கடலும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கிறார்கள் என்பது. அதாவது பிணைப்பு அங்கே படித்துத் தெரிந்துகொள்ளும் ஒரு தகவலாக இருந்தது. தெரிந்தால் அக்கறை வரும், அக்கறை வந்தால் நடத்தை மாறும் என்ற நம்பிக்கை அடியில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சின்னச் சோதனை. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. புவி சூடாவதால் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. இவை பெரிய விஷயங்கள். இப்போது உங்களுக்குத் தெரியும். மேலே சொன்ன ஏழு படங்களில் உங்கள் விடை மாறிவிட்டதா?

பெரும்பாலும் மாறியிருக்காது. இங்கிலாந்தின் டார்பி பல்கலைக்கழகக் குழு ஒன்று, இயற்கையோடு பிணைப்பு எந்த வழிகளில் வளர்கிறது என்று தேடி 2017-ல் ஆய்வை வெளியிட்டது. ஐந்து வழிகள் தேறின: புலன்களால் தொடுவது, அழகில் லயிப்பது, உணர்ச்சிவசப்படுவது, தன் வாழ்க்கைக்கான பொருளை அதில் காண்பது, பரிவு கொள்வது. உயிரினங்களின் பெயரையும் தகவல்களையும் கற்பது அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான்.

கடல் எழுத்தறிவுக்காரர்களும் மெல்ல இதே இடத்துக்கு வந்தார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் எம்மா மெக்கின்லியும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2023-ல் முன்வைத்த சட்டகத்தில் கடல் எழுத்தறிவுக்கு 10 பரிமாணங்கள் இருக்கின்றன. அறிவு அவற்றில் ஒன்று. உணர்வுப் பிணைப்பு தனியாக ஒன்று. கடலை அணுகும் வாய்ப்பும் அனுபவமும் இன்னொன்று. யார் சொல்வதை மக்கள் நம்புகிறார்கள் என்பதற்கும் அதில் இடம் உண்டு.

அடுத்தது அருகாமை. 2001-ல் இங்கிலாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, சுமார் 4.8 கோடிப் பேரின் தகவலை எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். கடலுக்கு அருகே வசிப்பவர்களில் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்களின் விகிதம் சற்று அதிகம். வறுமை மிகுந்த பகுதிகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2012-ல் வெளியான இந்த ஆய்வைப் பலர் 'கடலோரம் வாழ்பவர்களுக்குக் கடலோடு பிணைப்பு அதிகம்' என்பதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஆய்வு அப்படி எதுவும் சொல்லவில்லை. அது கேட்டது உடல்நலத்தை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தும், பிழைப்பு வேறு திசையில் இருப்பதால் கடலுக்கு முதுகைக் காட்டி வாழ்பவர்கள் உண்டு. உள்நாட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு விடுமுறைக்கும் கடலை நோக்கி ஓடுபவர்களும் உண்டு.

பிடித்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் 120 ஒளிப்படங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். நீர் இருந்த படங்கள் ஜெயித்தன. கட்டடங்கள் நிறைந்த காட்சியிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் மதிப்பெண் ஏறியது. நல்ல காட்சியை விரும்ப எந்தப் பிணைப்பும் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

ஓர் ஆய்வுக்குழு எப்படி வேலை செய்கிறது

இப்படிப்பட்ட குழுவில் பொதுவாக ஓர் உளவியலாளர், சமூகவியலோ மானுடவியலோ படித்த ஒருவர், கடல் உயிரியலாளர், புள்ளியியல் தெரிந்தவர் என்று கலந்து இருப்பார்கள். முதல் சண்டையே இவர்களுக்குள்தான் நடக்கும். உயிரியலாளருக்கு உணர்வு என்றாலே சந்தேகம். மானுடவியலாளருக்கு எண் என்றாலே சந்தேகம்.

அந்தச் சண்டைக்கு ஒரு நல்ல பலன் உண்டு: யாரும் நேராக வினாத்தாளை நீட்டுவதில்லை. முதலில் பேசுகிறார்கள். மீன்பிடிப்பவர், முத்துக்குளிப்பவர், அலைச்சறுக்கு விளையாடுபவர், துறைமுகத் தொழிலாளி, கடலையே பார்க்காத பள்ளி மாணவர் என்று வெவ்வேறு ஆட்களிடம் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்கிறார்கள். கடல் என்றால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? கடலில்லாமல் நீங்கள் நீங்களாக இருப்பீர்களா? சில குழுக்கள் வரைபடத்தைக் கொடுத்து, உங்களுக்கு முக்கியமான இடங்களைக் குறியுங்கள் என்கின்றன. சில குழுக்கள் நீங்களே படம் எடுத்து வாருங்கள் என்கின்றன. அந்தப் படம் ஏன் என்று பேசத் தொடங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

அந்தப் பேச்சிலிருந்து வாக்கியங்கள் பிறக்கின்றன. 'கடலுக்கு நேரும் தீங்கு எனக்கு நேர்ந்ததுபோல் உணர்கிறேன்', 'கடலைப் பற்றி நினைக்காமல் பல மாதம் போய்விடும்' என்பது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'சற்றும் உடன்படவில்லை' என்பது வரை ஐந்தோ ஏழோ படிகள். இரண்டாவது வாக்கியம் எதிர்த்திசையில் இருப்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே அப்படி வைப்பார்கள். படிக்காமலேயே எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுக்கொண்டு போகிறவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

இந்த முறைக்கும் முன்னோடிகள் உண்டு. 2004-ல் மேயரும் ஃபிரான்ட்ஸும் இயற்கைப் பிணைப்புக்கு 14 வாக்கியங்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். 2009-ல் நிஸ்பெட் குழுவினரின் அளவுகோலில் 21 வாக்கியங்கள். கடலுக்கான அளவுகோல்கள் பலவும் இவற்றைத் தழுவியவை.

வாக்கியங்கள் தயாரானதும் சில நூறு பேரிடம் கொடுத்து ஒத்திகை பார்ப்பார்கள். ஒரே உணர்வை அளப்பதாகச் சொல்லப்படும் வாக்கியங்களுக்கு ஒரே ஆள் ஒத்த விடைகளைத் தருகிறாரா? ஒரு வாக்கியம் மட்டும் தன்போக்கில் திரிந்தால் அது வேறு எதையோ அளக்கிறது என்று பொருள், அதைத் தூக்கிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து அதே ஆளிடம் கேட்டால் ஏறக்குறைய அதே விடை வருகிறதா? நேற்று மழை பெய்ததால் மாறிவிடும் விடை என்றால் அது பிணைப்பு அல்ல, மனநிலை.

இவ்வளவு செய்தும் கோட்டை விடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது: யாரைக் கேட்கிறோம். கடற்கரையில் நின்று வருகிறவர் போகிறவரைக் கேட்டால் கடல் பிடித்தவர்கள்தான் கிடைப்பார்கள். கடல் பாதுகாப்பு அமைப்பின் அஞ்சல் பட்டியல் வழியாகக் கேட்டால் கேட்கவே வேண்டாம். 'இத்தனை சதவீதம் பேர் கடலோடு ஆழமாகப் பிணைந்திருக்கிறார்கள்' என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்தால், அந்தச் சதவீதத்துக்கு முன்னால் அவர்களை எங்கே பிடித்தார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். இன்னொரு தொல்லை, நல்லவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. கடல் ஆய்வாளர் எதிரே உட்கார்ந்து 'கடலைப் பற்றி எனக்குக் கவலையில்லை' என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? பெயர் கேட்காமல், ஆள் எதிரே இல்லாமல் நிரப்பச் சொல்வது இதற்காகத்தான்.

காட்டைப் போல் இல்லை கடல்

இயற்கைப் பிணைப்புக்கான கருவியில் சொல்லை மட்டும் மாற்றிக் கடலுக்குப் போடலாமா? போடுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

மரத்தின் நிழலில் உட்காரலாம், பறவையை ஆண்டு முழுக்கப் பார்க்கலாம். கடலில் நமக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். அதன் சராசரி ஆழம் ஏறக்குறைய 3,700 மீட்டர். வெளிச்சம் ஓரளவாவது இருப்பது மேலே உள்ள சில நூறு மீட்டரில்தான். கண்ணால் காணாத, கையால் தொடாத, மூச்சுவிட முடியாத ஓர் இடத்தோடு பிணைப்பு என்றால் அது எதனோடு? பலருடைய விடையில் 'கடல்' என்பது உண்மையில் மணலும் காற்றும் அடிவானமும்தான். கரையோடு உள்ள பிணைப்பையும் கடலோடு உள்ள பிணைப்பையும் பிரித்துக் கேட்காத ஆய்வு, கரையைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

பயம் இன்னொன்று. பெரும்பாலான அளவுகோல்களில் பிணைப்பு என்பது அன்பு, அமைதி, ஒன்றிப்போதல் என்ற இனிய பக்கத்திலேயே நிற்கிறது. கடலில் பிழைப்பவருக்குக் கடல் அமைதி தரும் இடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அது வேலைக்களம், கடன், ஆபத்து, உடன்பிறந்தவனைக் கொண்டுபோனது. 'கடலருகே மனம் லேசாகிறது' என்ற வாக்கியத்துக்கு அவர் 'உடன்படவில்லை' என்று குறித்தால் மதிப்பெண் குறையும். விடுமுறைக்கு வந்தவர் ஏழுக்கு ஏழு வாங்கிவிட்டுப் போவார். இந்தக் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும். சார்ந்திருத்தல், அச்சம், திறமை, தலைமுறைத் தொடர்ச்சி ஆகியவற்றைத் தனித்தனி இழைகளாகக் கேட்கும் ஆய்வுகளை நான் கூடுதலாக நம்புவது இதனால்தான்.

'நான்', 'கடல்' என்று இரண்டு வட்டம் போடுவதே எல்லோருக்கும் பொருந்துமா என்ற கேள்வியும் உண்டு. எபெலி ஹௌஓஃபா தோங்கா வம்சாவளியைச் சேர்ந்த அறிஞர், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பசிபிக் மக்களைப் பற்றி உலகம் வைத்திருந்த படத்தை அவர் 1993-ல் தலைகீழாகத் திருப்பினார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பரந்த கடலில் சிதறிய குட்டித் தீவுகள், வறுமையும் தனிமையும். அங்கே இருப்பவர்களுக்கோ அது தீவுகளால் ஆன ஒரு கடல். தண்ணீர் அவர்களைப் பிரிக்கவில்லை, பாதையாக இருந்து சேர்த்தது. இப்படி நினைக்கும் ஒருவரிடம் இரண்டு வட்டங்களைக் காட்டினால், எதற்காக இரண்டு போட்டீர்கள் என்று அவர் கேட்கக்கூடும்.

வட ஆஸ்திரேலியாவின் யோல்ஙு மக்களுக்குக் கடலும் நிலத்தைப்போல் முன்னோர் வழி வந்த தாயகம்தான். அதில் இன்ன குலத்துக்கு இன்ன பகுதி என்று உண்டு. அந்த உறவை அவர்கள் மரப்பட்டை ஓவியங்களில் தீட்டிக் காட்டினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2008-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், பழங்குடி நிலத்தை ஒட்டி ஓத ஏற்ற இறக்கத்துக்கு உட்படும் கடற்பகுதியும் அவர்கள் கட்டுப்பாட்டில்தான் என்று தீர்ப்பளித்தது. வடக்கு ஆட்சிப்பகுதியின் கடற்கரையில் சுமார் 80 சதவீதத்தை அது தொட்டது. அங்கே பிணைப்பு என்பது சட்டத்தில் நிற்கும் உரிமை. அதற்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போட முடியாது.

எது பிணைக்கிறது

நேரடி அனுபவம் என்பது எல்லோரும் ஊகிக்கும் விடை. ஆனால் எந்த மாதிரி அனுபவம் என்பதில் சுவையான வேறுபாடுகள் கிடைத்திருக்கின்றன.

பிரிட்டனில் 90 பேரைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு குப்பை பொறுக்கியது. இன்னொன்று பாறைக்குழிகளில் தேங்கிய நீரில் உயிரினங்களைத் தேடியது. மூன்றாவது சும்மா நடந்தது. யார் எதில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். மூன்று பிரிவுக்கும் மனம் தெளிந்தது. கடலின் நிலை பற்றிய விழிப்பு குப்பை பொறுக்கியவர்களிடமும் பாறைக்குழி பார்த்தவர்களிடமும் கூடுதலாக இருந்தது. அர்த்தமுள்ள வேலை செய்தோம் என்ற நிறைவு குப்பை பொறுக்கியவர்களிடம் அதிகம். ஆனால் அந்த இடம் மனதுக்கு ஓய்வு தந்தது என்று சொன்னதில் அவர்கள்தான் பின்தங்கினார்கள். குனிந்து குனிந்து பிளாஸ்டிக் எடுத்தவருக்குக் கடற்கரை அழகாகத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. பிணைப்பும் இன்பமும் ஒன்றாகவே நடக்க வேண்டும் என்று இல்லை என்பதற்கு 2017-ல் வெளிவந்த இந்தச் சிறிய ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு.

கடலுக்குப் போகவே முடியாதவர்களுக்கு? எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் 96 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 2020-ல் வெளியானது. முதலில் அவர்களுக்குச் சலிப்பூட்ட வேண்டும். அதற்காக ஒருவர் தன் அலுவலகப் பொருள் நிறுவன வேலையை விவரித்துக்கொண்டே போகும் காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். அறிவியலுக்காக மனிதர் படும் பாடு! பிறகு பவளத்திட்டுக் காட்சியை மூன்று வகையில் காட்டினார்கள்: தொலைக்காட்சித் திரையில், கண்ணில் மாட்டும் கருவியில் சுற்றிலும் தெரியும் காணொளியாக, கணினியில் உருவாக்கிய, கையசைவுக்கு ஏற்ப மாறும் மெய்நிகர் கடலாக. சலிப்பு மூன்றிலும் குறைந்தது. மகிழ்ச்சியும் இயற்கையோடு பிணைப்பும் கூடியதில் மூன்றாவது முந்தியது. பார்ப்பவரின் அசைவுக்குப் பதில் தரும் கடல், வெறும் காட்சியாக ஓடும் கடலைவிட நெருங்கி வந்தது.

குழந்தைப் பருவம் முக்கியம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 18 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த தகவலை வைத்து 2022-ல் வந்த ஓர் ஆய்வு, சிறுவயதில் கடலிலும் நீர்நிலைகளிலும் திரிந்ததை நினைவுகூர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகும் இயற்கை இடங்களை அதிகம் மதிக்கிறார்கள், அதிகம் போகிறார்கள், அவர்களுடைய மனநலமும் சற்று மேலாக இருக்கிறது என்றது. ஒரு எச்சரிக்கை: அவர்கள் சொன்னது நினைவிலிருந்து. இன்று கடலை விரும்புகிறவருக்குச் சிறுவயதுக் கடலும் பளிச்சென்று நினைவுக்கு வரும்.

பிணைந்தவர்கள் காப்பாற்றுகிறார்களா?

இந்த ஆய்வுகளுக்குப் பணம் தருகிறவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான். 2020-ல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் 37 மாதிரிகளையும் 13,237 பேரின் தகவலையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இயற்கைப் பிணைப்புக்கும் சூழலுக்கு உகந்த நடத்தைக்கும் இடையே 0.42 அளவுக்கு ஒட்டுறவு இருந்தது (ஒன்று கூடும்போது மற்றதும் எந்த அளவுக்குக் கூடுகிறது என்பதன் எண் இது; முழுப் பொருத்தம் என்றால் 1). சமூக அறிவியலில் இது நல்ல எண். ஆனால் இதை வர்க்கப்படுத்தினால் வருவது சுமார் 0.18. நடத்தையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான் பிணைப்போடு சேர்ந்து நகர்கிறது என்று அதற்குப் பொருள். மீதிக்கு வருமானம், பழக்கம், சட்டம், வீட்டருகே குப்பைத்தொட்டி இருக்கிறதா என்பது போன்றவற்றைத் தேட வேண்டும்.

எது எதற்குக் காரணம் என்பதையும் ஒட்டுறவு சொல்லாது. கரையைச் சுத்தம் செய்யப் போனதால் பிணைப்பு வந்ததா, பிணைப்பு இருந்ததால் போனாரா? இரண்டும் நடக்கும், சுழற்சியாகவும் நடக்கும்.

2017-ல் ஒளிபரப்பாகி உலகமெங்கும் பேசப்பட்ட கடல் ஆவணத்தொடர் ஒன்று, பிளாஸ்டிக் பயன்பாட்டையே மாற்றிவிட்டது என்று பரவலாக எழுதினார்கள். பிரிட்டன் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். சிலருக்கு அந்தத் தொடரின் ஒரு பகுதியைக் காட்டினார்கள், மற்றவர்களுக்கு வேறொன்றை. பார்த்தவர்களுக்குக் கடல் அறிவு கூடியது. கையில் பொருளை எடுக்கும் நேரத்தில் பிளாஸ்டிக் குறையவில்லை. ஒரே ஒரு பகுதியைக் காட்டிவிட்டு இப்படி எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனாலும் 'படம் பார்த்தார்கள், மாறினார்கள்' என்ற கதைக்கு அந்த முடிவு ஒரு கடிவாளம்.

அக்கறை செயலாவதற்கு நடுவே இன்னும் சில படிகள் இருப்பதைக் கடல் குடிமை என்ற தலைப்பில் ஆராய்கிறார்கள். கடலின் விஷயத்தில் எனக்கும் உரிமையும் பொறுப்பும் உண்டு என்று எண்ணி அதில் தலையிடுவதுதான் கடல் குடிமை. எக்ஸிட்டரின் பமேலா புக்கன் இதில் முக்கியமானவர். கடலைத் தன் அடையாளத்தின் பகுதியாகக் கருதுபவர்களிடம் இந்த ஈடுபாடு அழுத்தமாக இருப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டுகின்றன. தனிமனிதர் துணிப்பை எடுத்துப்போவதோடு இது நிற்பதில்லை. மனு கொடுப்பது, திட்டக் கூட்டத்தில் எழுந்து பேசுவது, வாக்களிப்பது எல்லாம் சேரும். பிணைப்பின் பலனைக் கடையில் வாங்கும் பொருளை வைத்து மட்டும் அளக்கும் ஆய்வுகள் பாதியைத் தவறவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

பிணைப்பின் விலை

பிணைந்திருப்பவர்களுக்கு வலியும் அதிகம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 2016, 2017 ஆண்டுகளில் அடுத்தடுத்து வெளிறிப்போனது. நீர் அளவுக்கு மேல் சூடாகும்போது பவள உயிரிகள் தமக்குள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடும். நிறமும் உணவும் அவற்றோடு போய்விடும். அதையடுத்து நடீன் மார்ஷல் தலைமையிலான குழு, அந்தத் திட்டோடு தொடர்புடைய ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டது. ஆய்வு 2019-ல் வெளியானது. உள்ளூர்வாசிகள், சுற்றுலா வந்தவர்கள், சுற்றுலாத் தொழில் செய்பவர்கள் ஆகியோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கணிசமான துக்கத்தைச் சொன்னார்கள். மீனவர்களில் ஏறக்குறையக் கால்வாசி. திட்டு தங்கள் அடையாளத்தின் பகுதி என்றும் அதன் அழகு, பல்லுயிர் வளம் முக்கியம் என்றும் கருதியவர்களிடம் துக்கம் கூடுதலாக இருந்தது.

மீனவர்களின் எண் ஏன் குறைவு? பிணைப்பு குறைவு என்று அவசரப்பட்டு முடிவுகட்ட மாட்டேன். தொழில் நடப்பதற்காக நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், அழகைவிட வேறொன்றுக்காக அந்த இடம் அவர்களுக்கு முக்கியமாக இருக்கலாம். மேலே சொன்ன இழைகளின் சிக்கல் இங்கேயும் எட்டிப்பார்க்கிறது.

துக்கமே இல்லாமல் போவது அதைவிடச் சிக்கலானது. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-ல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ஒவ்வொரு தலைமுறை மீன்வள அறிவியலாளர்களும் தாங்கள் வேலையில் சேர்ந்தபோது கண்ட கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்பது மறந்துபோகிறது. பத்தாண்டு கழித்து மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறைகளைச் சேர்ந்த 108 மீனவர்களைக் கேட்டபோது இது அப்படியே வெளிப்பட்டது. முன்பு நிறைய இருந்து இப்போது அருகிவிட்டவை என்று முதியவர்கள் சொன்ன இனங்கள், இளையவர்கள் சொன்னவற்றைப் போல் ஐந்து மடங்கு. வாழ்நாளின் சிறந்த நாளில் பிடித்த வளைகுடாக் களவா மீன்களின் எண்ணிக்கையில் முதியவர்கள் 25 மடங்கு வரை முன்னால் இருந்தார்கள். இளையவர்களும் தினமும் அதே கடலில்தான் இருந்தார்கள். அவர்களுடைய வட்டங்களும் கடலோடு நன்றாகவே ஒன்றியிருக்கும். ஆனால் அந்த இரண்டாவது வட்டத்துக்குள் இருந்த கடல் ஏற்கெனவே வேறு கடல்.

ஐ.நா. 2021 முதல் 2030 வரையிலான காலத்தைக் கடல் அறிவியல் பத்தாண்டாக அறிவித்தது. அதன் 10 சவால்களில் கடைசியானது, மனித குலத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவை மாற்றுவது. மாறியதா என்று 2030-ல் சொல்ல வேண்டுமென்றால், தொடக்கத்தில் எடுத்த அளவு கையில் இருக்க வேண்டும். இன்று உள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒருமுறை கேட்டுவிட்டு முடிந்துபோனவை. ஒரே நாளில் எடுத்த ஒரே படம். அதே ஆட்களை, அதே கேள்விகளோடு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போகும் ஆய்வுகள் குறைவு. அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். ஆட்கள் வீடு மாறுவார்கள், எண் மாற்றுவார்கள், பதில் சொல்லச் சலித்துப்போவார்கள். ஆனால் கரையை விட்டுப் போனவரிடம் பிணைப்பு எத்தனை ஆண்டு தங்குகிறது, முதல் முறை நீருக்கடியில் கண் திறந்து பார்த்த பிள்ளையிடம் அது வளர்கிறதா என்ற கேள்விகளுக்கு வேறு வழியில் விடை கிடைக்காது.